ஆறு மாத மந்திரி: ஃபெடரிகா மொன்ட்செனி செய்தது துரோகமா?

வெயிலோன்:

ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த அம்மா ஒரே வரியில் வந்து போய்விடுவார். "அரசே கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தவர், கடைசியில் மந்திரியாகப் போய் உட்கார்ந்தார்." கேட்பவர் சிரிப்பார், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

ஃபெடரிகா மொன்ட்செனி 1905 பிப்ரவரி 12 அன்று மாட்ரிட்டில் பிறந்தார். அப்பா ஜுவான் மொன்ட்செனி, அம்மா தெரேசா மன்யே. இருவரும் பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர்கள், இருவரும் அரசே கூடாது என்ற அரசின்மைவாதிகள். 1896இல் பார்சிலோனாவில் ஒரு மத ஊர்வலத்தின் மேல் குண்டு வீசப்பட்டது. யார் வீசியது என்று தெரியாமலே நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போய் மொன்ஜூயிக் கோட்டையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர். பிறகு நாடு கடத்தப்பட்டு லண்டன் போனார், கள்ளத்தனமாகத் திரும்பி வந்தார், ஃபெடரிகோ உராலெஸ் என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அம்மாவின் புனைபெயர் சோலெதாத் குஸ்தாவோ. 1898இல் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த பத்திரிகைதான் 'லா ரெவிஸ்தா பிளாங்கா'. 1905இல் அது நின்றுபோனது, 1923இல் பார்சிலோனாவில் மறுபடி வந்தது. இரண்டாம் முறை வந்தபோது மகளும் அதில் எழுத்தாளர்.

பள்ளிக்கூடமே போகாத பெண். அம்மாதான் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அரசும் தேவாலயமும் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பிடிவாதம். இருபது வயதில், 1925இல், 'லா விக்தோரியா' என்ற நாவலை எழுதினார். அதன் நாயகி கிளாராவை மூன்று ஆண்கள் விரும்புகிறார்கள். மூவரும் ஏதோ ஒரு விதத்தில் அவளைத் தன்னுடையவளாக்கிக்கொள்ளவே பார்க்கிறார்கள் என்று புரிந்ததும் அவள் தனியாக இருந்துவிடுகிறாள். அரசின்மைவாதத் தோழர்களுக்கே இது பொறுக்கவில்லை. பத்திரிகையில் பெரிய சண்டை. இவர் அசரவில்லை, 1927இல் 'கிளாராவின் மகன்' என்று அடுத்த பாகம் எழுதினார். அதில் கிளாரா கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறாள்.

இப்படிப்பட்டவர் 1936 நவம்பர் 4 அன்று பிரதமர் லார்கோ கபயேரோவின் அமைச்சரவையில் சுகாதாரம், சமூக உதவித் துறை மந்திரியாகப் பொறுப்பேற்றார். ஸ்பெயினின் முதல் பெண் மந்திரி. 1937 மே 17இல் அந்த அரசு கவிழ்ந்தது. மொத்தம் ஆறு மாதம், அதற்கு மேல் கொஞ்ச நாள்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 1936இல் அவர் செய்தது எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. 1945இல் செய்ததுதான் உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் நீங்கள் பேசுங்கள்.


நடைவண்டி:

நல்ல இழை அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். அரசையே ஒழிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களை ஒரு பிரதமர் எதற்குக் கூப்பிடுகிறார்? இவர்கள் எதற்குப் போனார்கள்? கல்லூரியில் எங்களுக்கு இந்தப் போர் ஒரே பத்திதான்: ஃபிராங்கோ, ஹிட்லர் உதவி, முடிந்தது.


பழைய புத்தகக்கடை:

தம்பி, 1936 ஜூலையில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 17, 18 தேதிகளில் ராணுவத் தளபதிகள் கலகம் செய்தார்கள். 19ஆம் தேதி பார்சிலோனாவில் அந்தக் கலகத்தைத் தெருவில் இறங்கி முறியடித்ததில் பெரிய பங்கு சி.என்.டி. தொழிற்சங்கக்காரர்களுடையது. சி.என்.டி. என்பது அரசின்மைவாதிகள் வழிநடத்திய தொழிற்சங்கக் கூட்டமைப்பு. லட்சக்கணக்கான உறுப்பினர்கள், ஆனால் சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் கிட்டத்தட்ட இல்லை. அதற்குள்ளே கொள்கையில் கடுமையாக நின்ற அமைப்பு எஃப்.ஏ.ஐ. மொன்ட்செனி சி.என்.டி.யில் சேர்ந்தது 1931இல்.

மறுநாள் கத்தலோனியாவின் தன்னாட்சி அரசின் தலைவர் லூயிஸ் கொம்பான்ஸ் இவர்களைக் கூப்பிட்டு, நகரம் உங்கள் கையில் இருக்கிறது, நான் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்ற தோரணையில் பேசினார். இவர்கள் அவரை விரட்டவும் இல்லை, முழுதாக ஏற்கவும் இல்லை. பேருந்து, டிராம், ஆலை, ரொட்டிக்கடை வரைக்கும் தொழிலாளர்கள் எடுத்து நடத்தினார்கள். ஆனால் கஜானா, தங்கம், வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வாங்கும் உரிமை எல்லாம் மத்திய அரசிடம். பக்கத்து அரகோன் பகுதியின் போர்முனையில் நிற்கும் நம் ஆட்களுக்குத் துப்பாக்கி வரவில்லை, தோட்டா வரவில்லை. செப்டம்பர் கடைசியில் கத்தலோனிய அரசில் சேர்ந்தார்கள். நவம்பரில் கலகத்துக்குத் தலைமை ஏற்றிருந்த தளபதி ஃபிராங்கோவின் படை மாட்ரிட் வாசலுக்கே வந்துவிட்டது. அப்போதுதான் லார்கோ கபயேரோ சி.என்.டி.யை உள்ளே இழுத்தார். தோற்றால் பழியைப் பங்கு போட ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நான்கு பேர் போனார்கள். நீதித்துறைக்கு ஜுவான் கார்சியா ஒலிவேர், தொழில்துறைக்கு ஜுவான் பெய்ரோ, வணிகத்துக்கு ஜுவான் லோபெஸ், சுகாதாரத்துக்கு ஃபெடரிகா. மூன்று ஜுவான்களுக்கு நடுவில் ஒரு ஃபெடரிகா என்று நாங்கள் அந்தக் காலத்தில் சங்க வகுப்பில் சொல்லி மனப்பாடம் செய்வோம். ஜனாதிபதி அசான்யாவுக்கு இவர்கள் பெயர்களில் கையெழுத்துப் போடவே மனமில்லை. கார்சியா ஒலிவேர் துப்பாக்கியும் சிறையுமாக வாழ்ந்தவர், அவர் போய் நீதி அமைச்சர்! பெய்ரோ கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளி.

பதவியேற்ற இரண்டாம் நாளே அரசு மாட்ரிட்டை விட்டு வலென்சியாவுக்குக் கிளம்பியது. சேர்ந்த கையோடு தலைநகரைக் கைவிட்டு ஓடிய பட்டியலில் இவர்கள் பெயரும் ஏறியது.


வெயிலோன்:

புத்தகக்கடை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இவரை மந்திரியாகும்படி நெருக்கியவர் அப்போது சி.என்.டி.யின் தேசியச் செயலாளராக இருந்த ஹொராசியோ பிரியெத்தோ. இவர் தயங்கி, யோசிக்க அவகாசம் கேட்டார். அப்பாவிடம் போய்க் கேட்டார். இது அரசின்மைவாதத்துக்கும் சி.என்.டி.க்கும் முடிவு, ஒருமுறை அதிகாரத்தில் உட்கார்ந்தால் பிறகு அதைவிட்டு இறங்க மாட்டீர்கள் என்று அப்பா எச்சரித்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனாலும் மனிதர் தடுக்கவில்லை. அமைப்பு கேட்கிறது, போ என்றுதான் முடிந்தது.

ஹொராசியோ பிரியெத்தோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.


ராப்பாடி:

எல்லாம் சரி. ஆறு மாதத்தில் என்ன கிழித்தார்? கருக்கலைப்பைச் சட்டமாக்கினார் என்று எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி இருக்கிறது. அதைத் தவிர? மந்திரி கார், மந்திரி அறை, மந்திரி பேச்சு. அரசின்மைவாதி மந்திரியானால் சாதாரண மந்திரியைவிட எப்படி வேறாக இருப்பார் என்று யாராவது காட்டுங்கள். முடியாது என்பது என் பந்தயம்.


செம்பருத்தி:

ராப்பாடி, பந்தயம் கட்டுமுன் அந்த ஒரு வரியையே சரிபார்த்திருக்கலாம். கருக்கலைப்புச் சட்டம் இவர் போட்டது இல்லை. அது கத்தலோனிய அரசின் ஆணை. 1936 டிசம்பர் 25 தேதியிட்டு, 1937 ஜனவரியில் வெளியானது. அதன் பின்னால் நின்ற மூளை ஃபெலிக்ஸ் மார்த்தி இபான்யெஸ் என்ற இளம் மருத்துவர், அவரும் அரசின்மைவாதிதான். கத்தலோனிய சுகாதாரத் துறையில் இருந்தார். கர்ப்பமான 12 வாரத்துக்குள், பெண் கேட்டாலே போதும், மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்றது ஆணை. அந்தக் கால ஐரோப்பாவில் இது பெரிய விஷயம். ஆனால் கத்தலோனியாவுக்கு மட்டும். நாடு முழுக்கக் கொண்டுவர மொன்ட்செனி பார்த்தார், அமைச்சரவையில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சுவாரசியம், அவருக்கே தனிப்பட்ட முறையில் கருக்கலைப்பில் பெரிய விருப்பம் கிடையாது. தாய்மையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து எழுதியவர் அவர். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திருட்டு வைத்தியம் பார்த்துச் சாகும் பெண்களைப் பார்த்துத்தான் சட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இனி என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். பொது சுகாதாரத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

அவருக்குக் கிடைத்தது புதிதாக வெட்டி எடுத்த துறை. அதுவரை சுகாதாரம் தொழிலாளர் துறையின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பெயினில் ஏழை நோயாளி, அநாதைக் குழந்தை, முதியவர் எல்லோரும் 'தர்மம்' என்ற கணக்கில் வருவார்கள். நடத்துவது பெரும்பாலும் மடங்களும் கன்னியாஸ்திரீகளும். பெரிய பெரிய அநாதை விடுதிகள், ஒரே சீருடை, மொட்டைத் தலை, வரிசை. இவர் அந்தத் தர்மம் என்ற அடிப்படையையே தூக்கிவிட்டு, உதவி பெறுவது மனிதனின் உரிமை என்று வைத்தார். துறையின் பெயரிலேயே சமூக உதவி என்று வந்ததற்கு அர்த்தம் அதுதான். பெரிய விடுதிகளுக்குப் பதில் சின்னச் சின்ன வீடுகளில் குழந்தைகளை வைக்கும் முயற்சி தொடங்கியது. சமூக உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அம்பாரோ போச் என்ற பெண் மருத்துவரை அழைத்து வந்தார். துணை அமைச்சர் பொறுப்பில் மெர்சிதெஸ் மாயெஸ்த்ரே, அவரும் மருத்துவர், அவரும் பெண். 1936இல் ஒரு துறையின் உச்சியில் இத்தனை பெண்கள்! அதே வருடம் பிரான்சில் லியோன் ப்ளூம் மூன்று பெண்களைத் துணைச் செயலர்களாகப் போட்டதே உலகச் செய்தியாக இருந்தது. பிரான்சுப் பெண்களுக்கு அப்போது ஓட்டுரிமைகூட இல்லை.

பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்காக 'விடுதலை இல்லங்கள்' என்ற திட்டம் இருந்தது. மருத்துவம், தங்க இடம், தொழிற்பயிற்சி, வேலை. கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு வந்தது மிகக் கொஞ்சம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அவர் நேரத்தையெல்லாம் தின்றது அகதிகள். மாட்ரிட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் கிழக்கே வந்தார்கள். 1937 பிப்ரவரி 8இல் மலாகா விழுந்தது. அங்கிருந்து அல்மெரியா வரைக்கும் சுமார் 200 கிலோமீட்டர் கடற்கரைச் சாலையில் ஒரு லட்சம் பேராவது நடந்தார்கள். கடலிலிருந்து கப்பலும் மேலிருந்து விமானமும் அவர்கள் மேல் குண்டு போட்டன. இத்தனை பேருக்கும் சோறு, படுக்கை, தடுப்பூசி. இப்படிக் கூட்டம் புரளும் போரில் டைபாய்டும் டைபஸ் காய்ச்சலும் வந்தால் துப்பாக்கியே தேவையில்லை. லீக் ஆஃப் நேஷன்ஸ் அனுப்பிய மருத்துவக் குழு அந்தக் குளிர்காலத்தில் வந்து பார்த்தபோது பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவியிருக்கவில்லை. வராமல் தடுத்த நோயை யாரும் சாதனைப் பட்டியலில் எழுத மாட்டார்கள். சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.


ராப்பாடி:

சரி, ஆணை கத்தலோனியாவுடையது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் என் பக்கம் இன்னும் பலமாகிறது. சட்டம்கூட அவருடையது இல்லை. நீங்கள் சொன்ன மற்றதை எந்த நல்ல மந்திரியும் செய்வார். அதற்கு அரசின்மைவாதி எதற்கு?


செம்பருத்தி:

எந்த நல்ல மந்திரியும் செய்வார் என்கிறீர்கள், அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் செய்யவில்லை? அநாதை விடுதியிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே, கட்டளையிட்டு வளர்ப்பது தப்பு என்ற எண்ணம் முதலில் வேண்டும். பள்ளிக்கே போகாமல் வளர்ந்த ஒருத்திக்கு அது தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.


தறியோசை:

சுகாதாரத்தில் அவர் நல்லது செய்தார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொழிற்சங்கத்தில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் இடம் வேறு. மே 1937.

பார்சிலோனா தொலைபேசி நிலையத்தை சி.என்.டி. தொழிலாளர்கள் நடத்தினார்கள். மந்திரிகள் பேசும் பேச்சுகூட அவர்கள் கை வழியாகத்தான் போகும். மே 3 அன்று கத்தலோனியக் காவல்துறை லாரிகளில் வந்து கட்டடத்தைப் பிடிக்கப் பார்த்தது. அவ்வளவுதான், நகரம் முழுக்கத் தெருத்தடுப்புகள் எழும்பின. ஒரு பக்கம் அரசின்மைவாதத் தொழிலாளர்களும் ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான பௌம் கட்சிக்காரர்களும், மறு பக்கம் காவல்துறையும் கம்யூனிஸ்டுகளும். ஐந்தாறு நாளில் நானூறு, ஐநூறு பேர் செத்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கூரை மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தது இந்தச் சண்டையில்தான்.

தொழிலாளர்கள் ஜெயிக்கும் நிலையில் இருந்தார்கள், குறைந்தபட்சம் தோற்கவில்லை. அப்போது வலென்சியாவிலிருந்து யார் வந்தார்கள்? நம் மந்திரிகள். முதலில் கார்சியா ஒலிவேர், பின்னாலேயே மொன்ட்செனி. வானொலியில் பேசினார்கள். சுடுவதை நிறுத்துங்கள், வேலைக்குத் திரும்புங்கள். தெருத்தடுப்பில் நின்றவர்கள் தங்கள் காதையே நம்பவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபெடரிகா சொன்னதால் கேட்டார்கள். பத்து வருடம் அவர் நாவலும் கட்டுரையும் எழுதிச் சேர்த்த நம்பிக்கையை அந்த ஒரு வானொலிப் பேச்சில் அரசு செலவழித்துவிட்டது. கோபம் அங்கே.

அடுத்து பௌம் கட்சியைத் தடை செய்தார்கள், அதன் தலைவர் ஆந்த்ரூ நின்னைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள், அரகோனில் கூட்டுப்பண்ணைகளை உடைத்தார்கள். சண்டை நின்று இரண்டு வாரம்கூட ஆகாமல் லார்கோ கபயேரோ போய் நெக்ரின் வந்தார், சி.என்.டி. மந்திரிகளும் வெளியே. போரில் இறந்த அரசின்மைவாதப் படைத்தலைவர் துர்ருதியின் பெயரில் அமைந்த 'துர்ருதியின் நண்பர்கள்' என்ற குழு அப்போதே துண்டறிக்கை போட்டுத் தலைமையைத் துரோகி என்றது. அந்தச் சொல் கொஞ்சம் அதிகம். ஆனால் பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. கமீல்லோ பெர்னேரி என்ற இத்தாலிய அரசின்மைவாதி, முசோலினியிடமிருந்து தப்பி வந்தவர், ஏப்ரல் 14 அன்று தன் பத்திரிகையில் மொன்ட்செனிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மரியாதையோடுதான். நீங்கள் அரசில் உட்கார்ந்து எதைப் பாதுகாக்கிறீர்கள், புரட்சி கையைவிட்டுப் போவது தெரியவில்லையா என்பதுதான் சாரம். மே 5 அன்று பெர்னேரியை வீட்டிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அதே மே 5இல்தான் மொன்ட்செனி பார்சிலோனா வந்து சேர்ந்தார்.


பழைய புத்தகக்கடை:

தறியோசை தோழர், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு அவர் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? சுடுங்கள் என்றா? அரகோன் முனையிலிருந்து படையைப் பார்சிலோனாவுக்குத் திருப்பியிருந்தால் ஃபிராங்கோவுக்குக் கதவைத் திறந்துவிட்டது போல் ஆகியிருக்கும். வெளியே துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். உள்ளே சண்டை இன்னும் ஒரு வாரம் நீண்டிருந்தால் சி.என்.டி. நகரத்தை ஜெயித்து நாட்டைத் தோற்றிருக்கும்.


தறியோசை:

எப்படியும் நாட்டைத் தோற்றார்கள், ஐயா. நகரத்தையும் சேர்த்துத் தோற்றார்கள்.


மட்டுறுத்துநர்:

நம் ஊர்க் கட்சிகளோடு ஒப்பிட்டு வந்த இரண்டு பதில்களை அரசியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே ஸ்பெயின் மட்டும்.


நடைவண்டி:

செம்பருத்தி அக்கா, அவர் பெண்ணியவாதி என்று சில இடங்களில் போட்டிருக்கிறது, இல்லவே இல்லை என்று சில இடங்களில். எது சரி? அவர் எழுதிய கதைகள் எப்படி இருக்கும்?


செம்பருத்தி:

அவரைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். 1924இல் எழுதிய கட்டுரையில் பெண்ணியமா, ஒருபோதும் இல்லை, எப்போதும் மனிதநேயமே என்று முழங்கியவர். ஓட்டுக் கேட்டும் பதவி கேட்டும் போராடும் நடுத்தர வர்க்கப் பெண்கள் அவருக்கு எரிச்சல். ஆண் ஆளும் நாற்காலியில் பெண் போய் உட்கார்ந்தால் என்ன மாறிவிடும் என்பது அவர் கேள்வி. (பன்னிரண்டு வருடம் கழித்து நாற்காலி இவரைத் தேடி வந்தது. ராப்பாடி இதை இன்னும் எடுத்துப் போடாதது அதிசயம்.)

1936இல் லூசியா சான்செஸ் சவோர்னில், மெர்சிதெஸ் கொமபொசாதா, மேலே சொன்ன அம்பாரோ போச் மூவரும் சேர்ந்து 'முகெரெஸ் லிப்ரெஸ்', அதாவது சுதந்திரப் பெண்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுமார் 20,000 பெண்கள் சேர்ந்தார்கள். எழுத்தறிவு வகுப்பு, டிராம் ஓட்டும் பயிற்சி, பிரசவ மருத்துவமனை என்று நிறைய. இயக்கத்துக்குள்ளேயே ஆண் தோழர்கள் வீட்டில் எஜமானர்களாக இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மொன்ட்செனி அதில் உறுப்பினர் இல்லை. பெண்களுக்குத் தனி அமைப்பு வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். 1938 அக்டோபரில் அந்த அமைப்பு தன்னையும் இயக்கத்தின் ஒரு கிளையாக ஏற்கும்படி கேட்டபோது தலைமை மறுத்துவிட்டது. உள்ளே அவ்வளவு செல்வாக்கு இருந்தும் ஃபெடரிகா இவர்களுக்காகப் பெரிதாகச் சண்டை போடவில்லை. எனக்கு அவர் மேல் உள்ள குறை இதுதான், மந்திரி ஆனது இல்லை.

கதைகளைப் பற்றி. 1925 முதல் அவர்கள் குடும்பம் 'லா நொவேலா இதேயால்' என்ற வரிசையை வெளியிட்டது. 32 பக்கம், சில காசு விலை, வாராவாரம் ஒன்று. 10,000 பிரதியில் ஆரம்பித்து 50,000 வரை போனது. 1938 வரை கிட்டத்தட்ட 600 தலைப்புகள். முதலாளி மகனிடம் ஏமாந்த வேலைக்காரப் பெண், பாதிரி சொல் கேட்டுக் கெடும் குடும்பம், சடங்கு இல்லாமல் சேர்ந்து வாழும் ஜோடி. இலக்கியத் தரம் என்று பார்த்தால் பல கதைகள் சுமார்தான், அழுகை கொஞ்சம் தூக்கல். ஆனால் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டினார்கள். இவரே அதில் பல பத்துக் கதைகள் எழுதினார். சுகாதாரத் துறையில் ஆறு மாதம் ஆண்டதைவிட, பெண்களின் தலைக்குள் இந்தக் கதைகள் பத்துப் பன்னிரண்டு வருடம் செய்த வேலை பெரிது. இழையின் தலைப்பில் மந்திரி என்று போட்டதால் எல்லோரும் மந்திரியையே சுற்றிச் சுற்றி வருகிறோம்.


ராப்பாடி:

நாற்காலி விஷயத்தை உங்களுக்காகத்தான் விட்டுவைத்தேன் அம்மா. கதைகள் பற்றிச் சொன்னது புதிது, ஏற்கிறேன். வெயிலோன், 1945 என்று ஏதோ சொல்லிவிட்டு ஆளைக் காணோமே?


வெயிலோன்:

வந்துவிட்டேன்.

1939 ஜனவரி கடைசியில் பார்சிலோனா விழுந்தது. லட்சக்கணக்கானவர்களோடு இவரும் பிரெஞ்சு எல்லையைக் கடந்தார். துணைவர் ஜெர்மினல் எஸ்க்ளேயாஸ் வேறு பக்கம், இவர் கையில் இரு பிள்ளைகள். ஒருத்தி 1933இல் பிறந்த விதா, மற்றவன் 1938இல் பிறந்த கைக்குழந்தை. கூடவே சாகும் தறுவாயில் அம்மா. தெரேசா மன்யே பிப்ரவரி 5 அன்று பெர்பின்யானில் இறந்தார்.

போர் முடிந்து 1945. ஹிட்லர் ஒழிந்தார், ஃபிராங்கோவும் விழுவார் என்று எல்லோரும் நம்பிய வருடம். நாடு கடந்த ஸ்பானியக் குடியரசு அரசை ஹிரால் தலைமையில் மறுபடி அமைத்தார்கள். ஸ்பெயினுக்குள் தலைமறைவாக இயங்கிய சி.என்.டி.காரர்கள் அதில் சேர்வது என்று முடிவெடுத்தார்கள். தினமும் பிடிபட்டுச் சுடப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். வெளிநாட்டு அங்கீகாரம் எதுவானாலும் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை. இரண்டு பேரை மந்திரிகளாக அனுப்பினார்கள். ஒருவர் ஹோசே லெய்வா. இன்னொருவர் யார்? ஹொராசியோ பிரியெத்தோ. 1936இல் ஃபெடரிகாவை நெருக்கி மந்திரியாக்கிய அதே மனிதர்.

இந்த முறை ஃபெடரிகா என்ன செய்தார்? துலூஸ் நகரில் இருந்துகொண்டு எஸ்க்ளேயாசும் அவரும் வெளிநாட்டு சி.என்.டி.யைக் கையில் வைத்திருந்தார்கள். அரசில் சேர்வது கொள்கைக்கு விரோதம் என்று அறிவித்தார்கள். அமைப்பு இரண்டாக உடைந்தது. சேர்ந்தவர்களைத் தள்ளிவைத்தார்கள். ஒன்றுசேர 1961 ஆனது. பதினாறு வருடம்! அதற்குள் நாட்டுக்குள்ளே இருந்த சி.என்.டி.யின் தேசியக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டு, அமைப்பே உருக்குலைந்துவிட்டது.

1936இல் அவர் மனசாட்சியோடு மல்லுக்கட்டித்தான் போனார் என்று நான் நம்புகிறேன். பதவி போன பிறகு, 1937 ஜூன் 6 அன்று, வலென்சியா அப்போலோ அரங்கில் தன் மந்திரி அனுபவத்தைப் பற்றி நீளமாகப் பேசி, என்ன செய்தேன், எது முடியவில்லை என்று கணக்கு ஒப்புவித்தார். எந்த மந்திரி பதவி போனபின் இப்படி வந்து நிற்கிறார்? அதுவரைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதைதான். ஆனால் தான் ஒருமுறை நெருக்கடியில் எடுத்த முடிவை, தன்னைவிடப் பெரிய நெருக்கடியில் இன்னொருவர் எடுத்தபோது கொள்கைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அதுவும் எல்லைக்கு வெளியே பாதுகாப்பாக இருந்துகொண்டு.


தறியோசை:

இதற்கு நான் எதிர்ப்பக்கம் நிற்கப் போகிறேன், ஆச்சரியப்படாதீர்கள். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து, அது எதற்கும் உதவவில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர் மறுபடி போகாதே என்று சொல்வதில் என்ன தப்பு? ஹிரால் அரசால் என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் ஃபிராங்கோவை அப்படியே விட்டுவிட்டன. அவர் சொன்னது சரியாகத்தான் போனது.


வெயிலோன்:

சொன்னது சரி, தோழர். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, வேறு முடிவெடுத்தவர்களை அமைப்பைவிட்டு வெளியே தள்ளினார்களே, அதை அனுபவம் என்ற கணக்கில் சேர்க்க முடியாது. 1936இல் மந்திரியாகப் போனதற்கு அவரை யாரும் வெளியே தள்ளவில்லை.


பழைய புத்தகக்கடை:

பாதுகாப்பாக இருந்துகொண்டு என்று எழுதியதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். 1945இல் பாதுகாப்பு, சரி. அதற்கு முன் அவர் பட்டது கொஞ்சம் இல்லை. ஜெர்மனி பிரான்சைப் பிடித்ததும் ஃபிராங்கோ தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இவர்களைப் பிடித்து ஒப்படையுங்கள் என்றார். கொம்பான்சை ஜெர்மானியர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், 1940 அக்டோபர் 15 அன்று மொன்ஜூயிக் கோட்டையிலேயே சுட்டார்கள். மொன்ட்செனியை 1941இல் ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரான்சின் விஷி அரசு பிடித்துச் சிறையில் போட்டது. அப்போது கர்ப்பிணி. லிமோஜ் நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்ததால் பிழைத்தார். பிறந்த பெண் பிளாங்கா. அப்பா உராலெஸ் 1942இல் பிரான்சிலேயே இறந்தார்.

அந்த மூன்று ஜுவான்கள்? பெய்ரோவை ஒப்படைத்துவிட்டார்கள். ஃபிராங்கோவின் அரசுச் சங்கத்தில் சேர்ந்தால் உயிர் மிஞ்சும் என்று ஆசை காட்டினார்கள். மறுத்தார். 1942 ஜூலை 24 அன்று வலென்சியா அருகே பத்தெர்னாவில் சுட்டார்கள். கார்சியா ஒலிவேர் மெக்சிகோவில் 1980இல் இறந்தார். லோபெஸ் பிற்காலத்தில் ஸ்பெயினுக்கே திரும்பிப் போனார். நான்கு பேரில் கொள்கையை மாற்றிக்கொள்ளாமல் உயிரையும் கொடுத்தவர் பெய்ரோ. அவரைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.


நடைவண்டி:

ஃபிராங்கோ போன பிறகு அவர் திரும்பி வந்தாரா?


பழைய புத்தகக்கடை:

1977இல் வந்தார் தம்பி. ஜூலை 2 அன்று பார்சிலோனாவில் மொன்ஜூயிக் மலையில் சி.என்.டி. கூட்டம். லட்சத்துக்கு மேல் கூட்டம், பாதிப் பேர் நீள முடி வைத்த இளைஞர்கள். எழுபத்திரண்டு வயது அம்மா மேடையேறிப் பேசினார். கூட்டம் அவ்வளவு இருந்தாலும் சி.என்.டி. பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை, சீக்கிரமே மறுபடி பிளந்தது. விலைவாசிக்கும் சம்பளத்துக்கும் கட்சிகள் எல்லாம் சேர்ந்து போட்ட மொன்க்ளோவா ஒப்பந்தத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். குடியிருப்பு கடைசி வரைக்கும் துலூசில்தான். 1994 ஜனவரி 14 அன்று அங்கேயே இறந்தார்.


செம்பருத்தி:

ஒரு தகவல். இவருக்குப் பிறகு ஸ்பெயினில் அடுத்த பெண் மந்திரி வந்தது 1981 டிசம்பரில், சொலெதாத் பெசெரில். நாற்பத்து நான்கு வருட இடைவெளி. கருக்கலைப்புக்குக் கொஞ்சம் வழிவிட்ட சட்டம் 1985இல்.


ராப்பாடி:

என் பந்தயத்தைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். சுகாதாரத்தில் ஏதோ செய்தார். ஆனால் மே மாத வானொலிப் பேச்சில் தறியோசை பக்கம்தான் நான். வெயிலோன், அடுத்து பெய்ரோ பற்றி எழுதுங்கள்.


வெயிலோன்:

பெய்ரோவுக்குப் புத்தகக்கடை ஐயாதான் பொருத்தம், நெடுநாள் மனத்தாங்கல் வேறு இருக்கிறது. செம்பருத்தி, அம்பாரோ போச் பற்றித் தனி இழை போடுவீர்களா? அந்த மருத்துவரைப் பற்றித் தமிழில் நான் எதையும் படித்ததில்லை.


செம்பருத்தி:

போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுங்கள், இந்த வாரம் இரவுப் பணி.